ப்ரைமரை மாற்றினால் குழலில் கசடு குறையுமா? அண்ணனின் இன்லைன், அப்பாவின் கேப் துப்பாக்கி

தளி_ரோட்டுக்காரன்
நவம்பர் 2, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவில். அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. ஒற்றைக்குழல், வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, அடித்தால் வெடிக்கிற சின்னச் செப்பு மூடியால் (கேப்) பற்றவைக்கிற கேப் துப்பாக்கி. தாத்தா வாங்கியது. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அதைத் துடைத்து வைப்பது என் வேலை.

அண்ணன் பத்து வருடமாகப் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறார். போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். அக்டோபரில் அங்கே வாய்வழித் துப்பாக்கிக்கு என்றே ஒரு வாரம் மான் சீசன் வருகிறது. அவர் வைத்திருப்பதும் வாய்வழியாகக் கெட்டிப்பதுதான், ஆனால் இன்லைன் வகை, அதாவது பற்றவைக்கிற பொருள் குழலுக்கு நேர் பின்னாலேயே உட்காருவது. .50 காலிபர், குழலுக்குள் முறுக்குப் பள்ளம், மேலே ஸ்கோப். கேப்புக்குப் பதிலாகப் பின்பக்கம் மருந்தைப் பற்றவைக்க 209 என்ற ஷாட்கன் ப்ரைமரைச் செருகுகிறார்கள். மருந்து டிரிபிள் செவன், வில்லையாக வருவது. ஒரு தடவைக்கு இரண்டு வில்லை.

சீசனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். முதல் குண்டு சுகமாக இறங்கியது. இரண்டாவதுக்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. மூன்றாவது, வில்லையைத் தொடுவதற்கு இரண்டு விரற்கடை முன்பே நின்றுவிட்டது. குண்டைத் தள்ளுகிற சலாகையின் தலையை உள்ளங்கையால் அடித்து அடித்துத்தான் அண்ணன் உட்கார வைத்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் துடைக்கிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். ஈரத்துணி சுற்றிய சலாகை வாயிலிருந்து வழவழவென்று இறங்குகிறது. குண்டு உட்காருகிற இடம் வந்ததும் ‘கிர்ர்’ என்று பிடிக்கிறது. அதைத் தாண்டினால் மறுபடி வழவழ. அந்த இடத்தில் மட்டும் மோதிரம் மாதிரி ஒரு வளையம். வெந்நீர் விட்டு ஊறவைத்து பிரஷ் போட்டதும் சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடி வளையல் தூள் மாதிரி செதில் செதிலாக வந்தது. அப்பாவின் துப்பாக்கியில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அதில் வருவது முழுக் குழலிலும் ஒரே சீரான கருப்புக் குழம்பு.

அங்கே ரேஞ்சில் ஒருவர் “ப்ரைமரை மாற்று, சரியாகிவிடும்” என்றார். எதை மாற்றுவது என்று கேட்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார். ப்ரைமர் ஒரு கடுகு அளவு மருந்து. அதற்கும் குழலில் இவ்வளவு கசடுக்கும் என்ன சம்பந்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு_சந்தை
நவம்பர் 2, இரவு 9.15

சம்பந்தம் இருக்கிறது நண்பரே. ப்ரைமர் வலுவாக இருந்தால் மருந்து முழுசாக எரியும், முழுசாக எரிந்தால் கரி இருக்காது. அடுப்பில் விறகு ஈரமாக இருந்தால்தானே புகை. ஃபெடரல் கம்பெனியின் 209ஏ என்று ஒன்று உண்டு. இருப்பதிலேயே சூடானது என்று பெயர் வாங்கியது. அண்ணனை அதைப் போடச் சொல்லுங்கள்.

முன்னாள்_ஹவில்தார்
நவம்பர் 3, காலை 6.20

தளி ரோட்டுத் தம்பிக்கும் பாலக்கோடு தம்பிக்கும் வணக்கம். எனக்குப் பென்னாகரம். ராணுவத்தில் ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுது பார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வீடு ஓஹையோவில். மருமகனோடு மூன்று குளிர்காலம் இந்த இன்லைன் துப்பாக்கிகளோடு ரேஞ்சில் நின்றிருக்கிறேன். இந்த வளையத்தோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பாலக்கோடு தம்பி சொன்ன அடுப்பு உதாரணம் கேட்க நன்றாக இருக்கிறது. இந்த மருந்துக்கு மட்டும் அது பொருந்தாது. டிரிபிள் செவன் சீக்கிரம் பற்றுகிற மருந்து. அதற்கு 209ஏ போடுவது வைக்கோலைக் கொளுத்த வெல்டிங் டார்ச் எடுக்கிற கதை. வளையம் குறையாது, கூடும்.

காரணத்தைச் சொல்கிறேன். 209 ப்ரைமர் பிறந்ததே ஷாட்கன் தோட்டாவுக்காக. அந்தத் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து, எளிதில் பற்றாது. அதைப் பற்றவைக்க நீளமான தீநாக்கும் ஒரு வேகமான உதையும் தேவை. இன்லைன் துப்பாக்கி செய்தவர்கள் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதே ப்ரைமரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உதை, மருந்து சரியாகப் பற்றுவதற்கு முன்பே வில்லையை நொறுக்கிக் குண்டையும் லேசாக முன்னே தள்ளிவிடுகிறது என்பது பல வருடம் சுட்டவர்கள் சொல்லும் காரணம். உருகிய உப்பும் கரியும் குண்டு உட்கார்ந்த இடத்தை ஒட்டிப் படிந்து இறுகிவிடுகின்றன. அங்கே அதற்கு கிரட் ரிங் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தொல்லைக்காகத்தான் கம்பெனிகள் வாய்வழித் துப்பாக்கிக்கென்று தனி 209 கொண்டுவந்தன. வின்செஸ்டர், டிரிபிள் செவன் பெயரையே போட்டு ஒன்று விற்றது. ரெமிங்டனில் கிளீன்போர் என்ற பெயரில் வந்தது. அளவு அதேதான், தீ மட்டும் சாது. மருமகனின் துப்பாக்கியில் சாதாரண ஷாட்கன் ப்ரைமரை எடுத்துவிட்டு கிளீன்போர் போட்ட அன்று, அதே வில்லை, அதே குண்டு, மூன்றாவது குண்டு என் இரண்டு விரல் பலத்துக்கே இறங்கியது. வளையம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தடவிப் பார்த்தால் லேசாக ஒரு சொரசொரப்பு இருந்தது.

இன்னொன்று. ப்ரைமரை மாற்றினாலும் ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். துணி சொட்டச் சொட்ட நனையக் கூடாது. எச்சில் தொட்ட ஈரம் போதும்.

அப்புறம், குண்டு மருந்தைத் தொடாமல் பாதியில் நின்றதே, அது சின்ன விஷயம் இல்லை. நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், கிழியலாம். சலாகையில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்தால் கோடு வாய்க்குச் சமமாக வரும். கோடு வெளியே தெரிந்தால் சுடவே கூடாது. அண்ணனிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தளி_ரோட்டுக்காரன்
நவம்பர் 3, காலை 7.05

ஐயா, ரொம்ப நன்றி. அந்தக் கோடு அண்ணனின் சலாகையில் இல்லை. இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

கிருஷ்ணகிரி_மாந்தோப்பு
நவம்பர் 3, மதியம் 1.30

எனக்கு ஒரு குழப்பம். யூடியூபில் ஒருவர் “209க்குச் சூடான ப்ரைமர்தான் போட வேண்டும், சாது ப்ரைமர் போட்டால் வெடிக்காது” என்று அடித்துச் சொல்கிறார். ஹவில்தார் ஐயா தலைகீழாகச் சொல்கிறீர்களே?

முன்னாள்_ஹவில்தார்
நவம்பர் 3, மாலை 5.10

இரண்டும் சரி தம்பி. பெயர்தான் குழப்புகிறது. பிளாக்ஹார்ன் 209 என்று ஒரு மருந்து இருக்கிறது. 209 என்பது ப்ரைமருக்கும் பெயர், இந்த மருந்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்த வீடியோக்காரர் மருந்தைச் சொல்லியிருப்பார்.

பிளாக்ஹார்ன் நைட்ரோசெல்லுலோஸ் சேர்ந்த மருந்து, 2008 வாக்கில் வந்தது. கசடு ரொம்பக் குறைவு, வளையம் கட்டாது, துடைக்காமலே பல குண்டு சுடலாம். ஆனால் சட்டென்று பற்றாது. செய்தவர்களே ஃபெடரல் 209ஏ அல்லது சிசிஐ 209எம் மாதிரி வலுவான ப்ரைமரைத்தான் போடச் சொல்கிறார்கள். வாய்வழித் துப்பாக்கிக்கென்று வந்த சாது ப்ரைமர் வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அதைப் போட்டால் குதிரை (ப்ரைமரை அடிக்கிற சுத்தியல்) விழும், ‘டிக்’ என்று சத்தம் வரும், கொஞ்ச நேரம் கழித்து வெடிக்கும், இல்லாவிட்டால் வெடிக்காது.

ஆகவே எந்த ப்ரைமர் நல்லது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எந்த மருந்துக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். டிரிபிள் செவனுக்குச் சாது, பிளாக்ஹார்னுக்கு முரடு. கடைக்காரர் விலை கூடியதை எடுத்து நீட்டினாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

‘டிக்’ என்று மட்டும் கேட்டால் துப்பாக்கியைக் கீழே இறக்காதீர்கள். இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள்.

ஓசூர்_டூல்ரூம்
நவம்பர் 4, இரவு 10.50

துப்பாக்கி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சிப்காட்டில் டூல்ரூமில் வேலை, மைக்ரானோடு குடும்பம் நடத்துகிறவன். ஒரு கேள்வி: ப்ரைமர் உட்காருகிற குழியில் எவ்வளவு கிளியரன்ஸ்? இரண்டு கம்பெனி ப்ரைமர் ஒரே நீளமாக இருக்குமா? பின்னால் இடைவெளி இருந்தால் வாயு அந்த வழியாகத் திரும்பி வருமே. அதுவும் கரிதானே?

தளி ரோட்டு அண்ணா, வெடித்த ப்ரைமரின் பக்கவாட்டைப் பார்த்தீர்களா? சுத்தமாக இருந்ததா, கருத்திருந்ததா?

தளி_ரோட்டுக்காரன்
நவம்பர் 5, காலை 6.45

தம்பி, நீங்கள் கேட்டதும் அண்ணனிடம் படம் வாங்கினேன். இரண்டு ப்ரைமரை வெள்ளைத் தாளில் உருட்டிப் படம் எடுத்து அனுப்பினார். விளிம்பிலிருந்து பாதி உடம்பு வரை ஒரு பக்கமாக மை பூசின மாதிரி கருப்பு. ஸ்கோப்பின் முன் கண்ணாடிக்குக் கீழேயும் புகை படிந்திருக்கிறதாம். நான் துடைக்கும்போதே பின்பக்கம் கதவைத் திறந்தால் கையெல்லாம் கரியாகும். அதுவும் குழல் கசடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூர்_டூல்ரூம்
நவம்பர் 5, இரவு 11.20

அப்படியானால் உங்களுக்கு இரண்டு நோய். குழலுக்குள் வளையம் ஒன்று, பின்பக்கக் கசிவு இன்னொன்று. இரண்டாவதுக்கு மருந்து காரணம் இல்லை, ஃபிட் காரணம்.

ப்ரைமர் வெடிக்கிற நொடியில் அதன் பின் விளிம்பை ஏதோ ஒன்று இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அங்கே காகிதத் தடிமன் இடைவெளி இருந்தாலும் ப்ரைமர் பின்னால் நகரும், வாயு சுற்றிக்கொண்டு வெளியே வரும். தீயில் ஒரு பங்கு வெளியே போய்விடுவதால் உள்ளே போகிற தீயும் தடவைக்கு ஒரு மாதிரி இருக்கும். குறி மாறுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

அண்ணனைக் கடையில் நாலைந்து வகை 209 வாங்கச் சொல்லி, வெர்னியரில் ஒவ்வொன்றின் நீளத்தையும் விளிம்புத் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டரில் ஒரு பங்குதான் வித்தியாசம் வரும், ஆனால் இங்கே அது போதும். குழியில் வைத்துக் கதவை மூடும்போது கடைசியில் மெலிசாக ஒரு அழுத்தம் தெரிய வேண்டும். லொடலொடவென்று மூடினால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். இடித்துத் தள்ளி மூடினால் ரொம்ப இறுக்கம், அது ஆபத்து. குழலின் பின்பக்கத்தை அடைக்கிற பிரீச் பிளக்குக்கு, இடைவெளி நிரப்புகிற மெல்லிய ஷிம்மோ ஓ-ரிங்கோ அந்தக் கம்பெனியே விற்கிறதா என்று விசாரிக்கட்டும். வெளியில் லேத்தில் கொடுத்துக் கடையச் சொல்ல வேண்டாம். அழுத்தம் தாங்குகிற பாகத்தில் நாம் கைவைக்கக் கூடாது. இது என் தொழில் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

முன்னாள்_ஹவில்தார்
நவம்பர் 6, காலை 6.10

டூல்ரூம் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. மூன்று குளிர்காலமும் மருமகனின் ஸ்கோப்பை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன், காரணத்தைத் தேடவில்லை. வெடித்த ப்ரைமரைக் குப்பையில் போடுமுன் ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கூடவே ஒன்று. பிரீச் பிளக்கின் தீ போகிற துளையையும் பார்க்க வேண்டும். பிளாக்ஹார்ன் சுடுகிறவர்களுக்கு அந்தத் துளையில் கரி கட்டி நாளாக நாளாகச் சுருங்கிவிடும். வெந்நீரில் போகாது. சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் மட்டும் திருப்பிச் சுரண்டி எடுப்பார்கள். மெஷினில் மாட்டக் கூடாது.

பாலக்கோடு_சந்தை
நவம்பர் 6, காலை 9.30

முதலில் நான் 209ஏ என்று சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். நான் கேள்விப்பட்டது பிளாக்ஹார்னுக்கு உள்ள கணக்கு போலிருக்கிறது.

சரி, அந்த சாது ப்ரைமரும் கொஞ்சம் மருந்தும் நம் ஊருக்கு வந்தால் அப்பாவின் துப்பாக்கிக்கும் ஆகுமே? அண்ணன் அடுத்த தடவை வரும்போது பெட்டியில் ஒரு டப்பா போட்டு எடுத்து வரச் சொல்லலாமா?

அரூர்_அப்பு
நவம்பர் 6, காலை 9.52

கூடவே கூடாது. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அந்த யோசனையே வைத்துக்கொள்ள வேண்டாம். ப்ரைமரும் மருந்தும் விமானத்தில் கைப்பையிலும் போகாது, செக்-இன் பெட்டியிலும் போகாது. அமெரிக்க விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். தப்பித்தவறி இங்கே வந்து இறங்கினால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். பெரியவரின் லைசென்ஸும் போகும், பையனின் விசாவும் போகும்.

முன்னாள்_ஹவில்தார்
நவம்பர் 6, மதியம் 12.15

அரூர்க்காரர் சட்டத்தைச் சொன்னார். நான் இரும்பைச் சொல்கிறேன். தாத்தா காலத்துக் குழலுக்கு அந்தக் காலக் கரிமருந்துதான். பிளாக்ஹார்ன் மாதிரி மருந்தை அதில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. டிரிபிள் செவனே அதே கொள்ளளவுக் கரிமருந்தைவிடச் சுமார் 15 விழுக்காடு வலு கூடியது. கேப் உட்காருகிற துளையுள்ள முளையை (நிப்பிள்) கழற்றிவிட்டு 209 பொருத்துகிற வேலையும் வேண்டாம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து வெடிக்கிற பொருள் அது.

தளி_ரோட்டுக்காரன்
நவம்பர் 6, இரவு 9.00

ஐயா, அரூர் அண்ணா, அப்படி எதுவும் செய்ய மாட்டோம். ஆனால் அப்பாவின் துப்பாக்கி பற்றி என் மனதில் ஒன்று உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு எல்லோரையும் போல நாங்களும் துப்பாக்கியை ஒப்படைத்தோம். மார்ச் கடைசியில் கொடுத்து, ஜூனில் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கினோம். வீட்டில் உறையைப் பிரித்ததும் அப்பா ஒன்றும் பேசவில்லை. நிப்பிளைச் சுற்றிக் காவி நிறத்தில் பொங்கியிருந்தது. குதிரையின் மூக்குக் குழிக்குள் துரு. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பக்கம் ஒரு சாண் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

வைத்திருந்தவர்கள் மேல் தப்பில்லை. தை மாதம் பன்றிகளை விரட்ட அப்பா இரண்டு தடவை வெறும் மருந்து வெடித்தார். நான் எண்ணெய்த் துணியால் மேலோட்டமாகத் துடைத்து வைத்தேன். நன்றாக எண்ணெய் போட்டிருக்கிறேனே என்ற நம்பிக்கையில் அப்படியே ஒப்படைத்துவிட்டோம். அம்பது வருடம் காப்பாற்றிய பொருளை ஒரு பருவத்தில் நான் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. எண்ணெய் போட்டும் ஏன் துரு?

முன்னாள்_ஹவில்தார்
நவம்பர் 7, காலை 6.30

தம்பி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தப்பைச் செய்யாத வீடே கிடையாது.

இரும்பைத் தின்றது உப்பு. கேப்புக்குள் இருக்கிற பொருளின் கதையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார். பறவை சுடுவதில் ஆசை. சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரியும், அதைப் பார்த்ததும் பறவை எழும்பிவிடும். அடித்தால் வெடிக்கிற பொருளை வைத்தால் அந்தப் பளிச் இருக்காது என்று கண்டுபிடித்து 1807இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து செப்புக் கேப் வந்தது, கேப்பிலிருந்து ப்ரைமர் வந்தது. அண்ணனின் 209க்கும் அப்பாவின் கேப்புக்கும் அந்தப் பாதிரியார்தான் மூதாதை.

பழைய கேப் கலவைகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தைப் பனியில் உங்கள் தளிப் பக்கம் காற்றில் இருக்கிற ஈரம் போதும், உப்பு ஈரத்தைப் பிடித்து இரும்பின் மேல் உட்கார்ந்துவிடும். கரிமருந்து எரிந்தாலும் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, திடப் பொருளாகத்தான் மிஞ்சுகிறது. அதுவும் ஈரத்தை இழுக்கிறது. 1920களில் ரெமிங்டன் கிளீன்போர் என்று பெயர் வைத்ததே, துரு பிடிக்க வைக்காத ப்ரைமர் என்று சொல்லத்தான். இப்போதைய 209 ப்ரைமர்களில் அந்தக் குளோரேட் தொல்லை இல்லை. ஆனால் டிரிபிள் செவன், பைரோடெக்ஸ் என்ற இரண்டு மருந்திலும் பெர்குளோரேட் இருக்கிறது, எரிந்தால் அதே உப்புதான். அண்ணன் நல்ல ப்ரைமர் போட்டுவிட்டேன் என்று கழுவாமல் வைத்தால் அவர் குழலுக்கும் இதே கதி.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நீங்கள் எண்ணெய் போட்டபோது உப்பை உள்ளே வைத்து மேலே மூடி போட்டுவிட்டீர்கள்.

முதலில் மருந்தோ குண்டோ உள்ளே இல்லை என்று சலாகையை விட்டு உறுதி செய்யுங்கள். நிப்பிளைச் சாவியால் கழற்றித் தனியாகக் கிண்ணத்தில் போடுங்கள். கை தாங்குகிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடின வெந்நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பு விட்டு, துணி சுற்றிய சலாகையால் பம்பு அடிக்கிற மாதிரி இழுத்துத் தள்ளுங்கள். நிப்பிள் துளை வழியாகக் கருப்புத் தண்ணீர் பீய்ச்சும். அது வெளுக்கிற வரை செய்து, கடைசியில் வெறும் வெந்நீர். குழல் சூடாக இருப்பதால் தானே காயும். காய்ந்த துணி நாலைந்து விடுங்கள். விட்ட துணி ஈரமும் கறையும் இல்லாமல் வெளியே வந்த பிறகுதான் எண்ணெய். மறுநாள் இன்னொரு துணி விட்டுப் பாருங்கள். காவி தெரிந்தால் திரும்ப முதலிலிருந்து.

தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் அது கட்டியாகி உறைந்துவிடும், நிப்பிள் துளை அடைக்கும். ஆயுதக் கடையில் கிடைக்கிற துப்பாக்கி எண்ணெய் போதும். ஆனால் அடுத்து கெட்டிக்கும் முன் அதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துளையில் எண்ணெய் நின்றால் கேப் மட்டும் வெடிக்கும், மருந்து பற்றாது.

அப்புறம் அந்தப் புள்ளி விழுந்த குழலை லைசென்ஸ் உள்ள ஆயுதப் பட்டறையில் காட்டாமல் இனிமேல் வெடிக்க வேண்டாம். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துச் சொல்வார்கள்.

கெலமங்கலம்_பூந்தோட்டம்
நவம்பர் 7, காலை 10.15

துப்பாக்கி சுத்தமாக இருந்து என்ன பயன் ஐயா, பன்றியைச் சுட முடியவில்லையே. ராகி கதிர் பிடிக்கிற நேரம் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானை வருகிறது, தினமும் பன்றி வருகிறது. தக்காளியும் போகிறது, கிழங்கும் போகிறது. கேட்க ஆள் இல்லை.

அரூர்_அப்பு
நவம்பர் 7, காலை 11.00

உங்கள் வலி எனக்கும் உண்டு, சித்தேரி மலை அடிவாரத்தில் என் கொல்லை. ஆனால் இருக்கிற விதியைத் தெரிந்துகொண்டு பேசுவோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு வெளியே வனத்துறை ஆட்கள்தான் சுடலாம், நாம் இல்லை. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்துக்கொண்டு நாமாகச் சுட்டால் வன உயிரினச் சட்டம் பாயும். யானை நிற்கிற இடத்தில் வெடிப்பது இன்னும் மோசம், மிரண்டு ஊருக்குள் திரும்பும். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், சேதத்துக்கு மனு போடுங்கள்.

மட்டுறுத்துநர்
நவம்பர் 7, மதியம் 2.00

பன்றி விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே லைசென்ஸ் உள்ள துப்பாக்கியின் பராமரிப்பு மட்டும். மருந்து செய்முறை கேட்ட இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருப்பவர்கள் அதைச் சுத்தம் செய்வது எப்படி என்று கேட்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்களோடு போய்க் காவல்நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி_மாந்தோப்பு
நவம்பர் 8, காலை 8.20

ப்ரைமரை வைத்திருக்கிற முறை பற்றி யாரும் பேசவில்லை. அங்கே எங்கள் உறவுக்காரர் ஒருவர் பழைய மாத்திரை டப்பாவில் ப்ரைமரைக் கொட்டி வைத்திருந்தார். ஒன்று வெடித்தால் டப்பா மொத்தமும் வெடிக்கும். கம்பெனி தருகிற அட்டைத் தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை இருப்பதே அதற்காகத்தான். தளி ரோட்டு நண்பர் இதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். கையாண்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவவும் வேண்டும், ப்ரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா.

தளி_ரோட்டுக்காரன்
நவம்பர் 17, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். ராகி அறுப்பு ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் வந்தார். அதே இரண்டு வில்லை, அதே குண்டு. முதலில் பழைய ஷாட்கன் ப்ரைமரில் மூன்று. மூன்றாவது குண்டு அதே இடத்தில் முரண்டு பிடித்தது, ஆனால் இந்தத் தடவை சலாகையில் கோடு இருந்ததால் எவ்வளவு பாக்கி என்று கண்ணால் பார்த்தே அழுத்தியிருக்கிறார். பிறகு குழலைக் கழுவிக் காயவைத்து, வாய்வழித் துப்பாக்கிக்கென்று விற்கிற ப்ரைமரில் ஐந்து. நடுநடுவே ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. ஐந்தாவதும் கோடு வரை ஒரே மூச்சில் இறங்கியதாம். துணிகளை வரிசையாகத் தாளில் வைத்துப் படம் அனுப்பியிருந்தார். பழைய ப்ரைமர்த் துணிகளில் நடுவில் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதியதில் வெறும் சாம்பல் நிறம்.

பின்பக்கக் கசிவு இன்னும் முழுக்கப் போகவில்லை. டூல்ரூம் தம்பி சொன்னபடி நான்கு வகையை வெர்னியரில் அளந்தார், சாது ப்ரைமர்தான் அதில் குட்டை. கதவு லொடலொடவென்று மூடுகிறதாம். துப்பாக்கிக் கம்பெனிக்கே எழுதி ஷிம் கேட்டிருக்கிறார், வரட்டும். அதுவரை ஸ்கோப்பின் கீழே ஒரு துணி சுற்றி வைத்திருக்கிறார்.

அப்பாவின் துப்பாக்கியை வியாழக்கிழமை வாசலில் வைத்துக் கழுவினோம். தண்ணீர் ஊற்றுகிறான், ஊற்றுகிறான் என்று அம்மா திண்ணையிலிருந்து பதறிக்கொண்டே இருந்தார். முதல் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. ஆறாவது தடவை வெளுத்தது. மறுநாள் காலை விட்ட துணியில் மறுபடி லேசாகக் காவி, திரும்பக் கழுவினோம். மூன்றாவது நாள் துணி வெள்ளையாக வந்தது. அதை அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பட்டறையில் காட்டினோம். அடிப்பக்கப் புள்ளிகள் ஆழமாக இருக்கின்றன, மருந்து கெட்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் விஷயமாக என்ன செய்வது என்று அடுத்த வாரம் தாலுகா அலுவலகத்தில் கேட்கப் போகிறோம். அதுவரை மாதம் ஒரு தடவை துணி விட்டுப் பார்த்து எண்ணெய் போடுவது என் பொறுப்பு, காலண்டரில் குறித்துவிட்டேன்.